பழந்துவக்குக்கு ரெனேசான்ஸ் வக்ஸ்: வன்னி மாரிக்கு ஈடு கொடுக்குமா?

மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரித்தான் தெரியும். வெள்ளை நிறம், மெதுமையான பசை, பெயின்ற் கடை மணம். 65 மில்லிலீற்றர் ரின். விலையைக் கேட்ட ஆள், "இந்தக் காசுக்கு எத்தனை போத்தல் தேங்காயெண்ணெய் வாங்கலாம்?" என்பார். நியாயமான கேள்விதான், பதில் கீழே வருகிறது.

ரெனேசான்ஸ் வக்ஸ் பழைய உலோகச் சாமான்களைக் கறளிலிருந்து காக்கப் பூசும் மெழுகு, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வுகூடத்தில் உருவானது. தேன்மெழுகு போன்ற பழைய மெழுகுகளில் உள்ள அமிலம் காலப்போக்கில் உலோகத்தையே அரிக்கும் என்பதால், மண்ணெண்ணெய் வரும் அதே மூலத்திலிருந்து பிரித்தெடுத்த நுண்படிக மெழுகை வைட் ஸ்பிரிட்டில் (பெயின்ற் இளக்கும் ஒரு கரைப்பான்) கரைத்துச் செய்தார்கள். 65, 200 மில்லிலீற்றர் ரின்களில் வருகிறது. வவுனியா, கிளிநொச்சி ஹாட்வெயார் தட்டுகளில் தேடி அலைய வேண்டாம், வெளியிலிருந்து எடுப்பிக்கத்தான் வேண்டும். ஒரு துவக்கு, நாலு பாக்குவெட்டி, ஒரு பழைய வாள் வைத்திருப்பவருக்குச் சின்ன ரின்னே பல வருசம் காணும்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். கறள் அடங்கி, கபில நிறத் தோல் படிந்த பழைய குழலுக்கு இது திறமான சாமான். ஓடிக்கொண்டிருக்கும் கறளுக்கு இது மருந்தில்லை. குத்துவிளக்குக்காக இதை வாங்குவது காசைக் கரியாக்குவது.

வன்னியில் இந்த மெழுகுக்கு வேலை வைக்கக்கூடிய துவக்குகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கும் பழசு. மற்றது, வெளியே குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) நிற்கும் இரட்டைக்குழல் இங்கிலாந்துச் சாமான். எந்த வகையானாலும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்து, வருசாவருசம் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பத்திரம் இல்லையென்றால் மெழுகைப் பற்றிய பேச்சே இல்லை. இன்னொன்று, காணி கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ மண்ணிலிருந்து வந்த இரும்பு எதையும் "என்ன சாமான் எண்டு பாப்பம்" என்று துடைக்கப் போகக்கூடாது. கண்ணிவெடி அகற்றுவோர் இன்னும் வேலை செய்கிற மண் இது. கண்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிசுக்குச் சொல்வதுதான் ஒரே வழி.

தோல் எது, கறள் எது

இரும்பில் இரண்டு நிறம் உண்டு. செம்மஞ்சளாக, மாவு போலக் கையில் ஒட்டுவது ஓடும் கறள். அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துத் தன் அடியில் இருக்கும் இரும்பையும் தின்னும். கருங்கபிலமாக, வழுவழுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் நிற்பது அடங்கிய தோல். அது இறுக்கமானது, தனக்குக் கீழே இருப்பதை ஓரளவு காக்கவும் செய்யும். வித்தியாசம் பிடிக்கக் கண் போதாது. வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றை உலர்ந்தபடியே குழலில் பத்துத் தரம் இழுத்துப் பாருங்கள். துணியில் செம்மஞ்சள் தூள் வந்தால் கறள் ஓடுகிறது. மங்கலான கபிலக் கறை மட்டும் என்றால் அடங்கிவிட்டது.

கபிலத்தை எடுக்கக்கூடாது என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பல குழல்களுக்கு அந்தக் கபிலத்தைக் கொடுத்ததே செய்த பட்டறைதான். அமிலக் கரைசல் பூசி, கறளவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசிப் பல நாள் எடுத்து ஏற்றிய நிறம். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழலில் தெரியும் பாம்புத்தோல் கோலமும் அந்த நிறமேற்றலால் வெளியே வந்ததுதான். அதை மினுக்கினால் கோலம் முழுக்கப் போய் வெறும் வெள்ளிரும்புக் குழாய்தான் மிஞ்சும். (இந்தக் குழல்களில் இன்றைய தோட்டா போட்டுச் சுடுவது உயிரோடு விளையாடுவது. அது வேறு கதை.)

எதிர்வாதமும் ஒன்று உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. பண்டார வன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த காலத்தில் பிரித்தானியப் படையின் பொதுத் துவக்கு 39 அங்குலக் குழலும் முக்கால் அங்குல வாயும் கொண்டது. அந்தக் குழல்களைச் சிப்பாய்கள் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகவே வைத்திருந்தார்கள். "அப்ப மினுக்கினால்தானே பழைய கோலம்?" என்று கேட்பார்கள். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு படை இரும்பு போகிறது. அந்தத் துவக்குகளில் கிரீடமும் "ரவர்" (Tower) என்ற எழுத்தும், கிழக்கிந்தியக் கம்பெனிச் சாமானென்றால் இதய வடிவ முத்திரையும் ஆழமில்லாமல்தான் குத்தியிருக்கும். இருநூறு வருசக் கறளும் அதற்குமேல் ஒரு பிற்பகல் உப்புத்தாளும் போனால் முத்திரை விரலுக்குக்கூடத் தட்டுப்படாது. முத்திரை போன துவக்கு எங்கே, யாருக்காகச் செய்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சேகரிப்பவர் காசு கொடுப்பது அந்தச் சங்கதிக்குத்தான்.

கடைத்தட்டில் இருப்பவை

ஹாட்வெயாரில் "கறளுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது டபிள்யூ.டி. 40. பெயரே தண்ணீரை விலக்குவது என்றுதான் பொருள். 1953இல் நாற்பதாவது முயற்சியில் சரிவந்ததால் 40. செய்யும் வேலையும் அதுதான். மழையில் நனைந்த துவக்கிலிருந்து தண்ணீரைத் தள்ளிவிடவும், இறுகிய ஆணியை இளக்கவும் அருமை. வருசக்கணக்கில் காக்கும் படையாக எண்ணினால் ஏமாற்றம்தான். ஆவியானபின் மிஞ்சும் மெல்லிய எண்ணெயில் சோளகக் காற்றின் செம்புழுதி வந்து ஒட்டி, குதிரைக்குள்ளே பசையாகும். மரப்பிடியில் ஊறினால் கருமையான கறை விழும், அதை எடுக்க முடியாது. துணியில் அடித்துத் துடையுங்கள், துவக்கில் நேரே அடிக்க வேண்டாம்.

பிராசோ பித்தளைக்கென்று வந்தது. உள்ளே நுண்ணிய உராய்வுத் தூளும் அமோனியாவும். விசைக்காப்பிலும் பிடியின் அடித்தகட்டிலும் இருக்கும் பித்தளையை அது அரை மணித்தியாலத்தில் மணவறை விளக்கு மாதிரி ஆக்கிவிடும். கூடவே இரண்டு வினையும் வரும். தூள் போய்ச் செதுக்கல் வரிகளிலும் மரமும் பித்தளையும் சேரும் இடுக்கிலும் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். மற்றது அமோனியா. பித்தளைக்கு அது மெல்லக் கொல்லும் நஞ்சு. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கோதுகள் தானாக வெடித்துப் பிளந்ததற்கு, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். ஒருமுறை மினுக்கியதும் தகடு பிளந்துவிடாது. ஆனால் வளைத்து அடித்த மெல்லிய பழந்தகட்டில், கழுவாமல் விட்ட பிராசோவை இடுக்கில் வைத்திருப்பது நல்லதில்லை.

"கறள் நீக்கி" என்று போத்தலில் வருவது பெரும்பாலும் பொஸ்பரிக் அமிலம். இந்த வரிசையில் ஆகக் கூடாதது இதுதான். செங்கறளோடு கபிலத் தோலையும் சேர்த்துக் கரைத்து, இரும்பை மங்கிய சாம்பல் நிறத்தில் விட்டுவிடும். சுரண்டின தோலையாவது காலம் திரும்பக் கொடுக்கும். அமிலம் கடித்த முகத்தை யாராலும் திருப்ப முடியாது. வீட்டுப் புளியும் தேசிக்காயும் இதே வேலையை மெதுவாகச் செய்பவை. இரவு முழுக்கப் புளிக்குள் ஊறப்போட்ட குதிரைத் தகடு காலையில் சுத்தமாகத்தான் இருக்கும், கிட்டப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருக்கும்.

கடைசல் பட்டறையில் சில்லு வைத்து "பஃப்" பிடித்துத் தரும் சேவை வன்னி நகரங்களில் கிடைக்கிறது. சைக்கிள் றிம்முக்குச் சரி. துவக்கைக் கொடுக்க வேண்டாம். எட்டுப்பட்டைக் குழலின் விளிம்பு உருண்டுவிடும், ஆணித்தலையின் வெட்டு அகன்றுவிடும், துளைகளின் வாய் கிண்ணம் மாதிரிக் குழியும். தெரிந்தவர் ஒருவர் கையில் எடுத்ததுமே "இது பஃப் பிடிச்சது" என்று சொல்லும் அடையாளங்கள் இவை மூன்றும்.

தேங்காயெண்ணெய்க் கேள்விக்கு இப்போது வரலாம். மாரிக்கு முன் ஒரு தரம் பூசினால் ஒன்றும் கெட்டுப்போகாது. விட்டு வைத்தால்தான் சிக்கல். நாட்பட எண்ணெய் சிக்கு மணம் அடிக்கத் தொடங்கும்போது அதில் அமிலம் கூடியிருக்கிறது. பித்தளையைத் தொடும் இடத்தில் அது பச்சைக் களிம்பாக வெளியே தெரியும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காயக் காயப் பிசின் மாதிரி இழுக்கும். கைக்கு எட்டும் எண்ணெயில் திறமானது தையல் மெசினுக்கு விடும் எண்ணெய்தான். குதிரை, வில், ஆணி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சொட்டு. அந்த அசையும் இடங்களில் மெழுகு பயன்படாது.

கடுக்காய் ஒரு தனி ரகம். கடுக்காயை இடித்து அவித்த தண்ணீரைச் செங்கறளில் பூசினால் சில மணித்தியாலத்தில் கறள் நீலக்கறுப்பாக மாறும். பழைய மைக்கூட்டு வேதியியல்தான் அது. அருங்காட்சியகங்களில் மண்ணிலிருந்து எடுத்த இரும்புக்கு இதே துவர்ப்பு அமிலத்தைத் தூளாக வாங்கிப் பூசுகிறார்கள். பெட்டகத்துப் பட்டம், கலப்பைக் கொழு, பழைய தராசுப் படிக்கல் எல்லாவற்றுக்கும் கடுக்காய் நல்லது. துவக்குக்கு மட்டும் வேண்டாம். கபிலக் குழலில் கறுப்புத் திட்டு விழுந்தால் தேமல் பிடித்த மாதிரி இருக்கும்.

பூசும் முறை

முதல் வேலை, துவக்கு வெறுமையா என்று பார்ப்பது. வாயால் மருந்து இடிக்கும் வகையில் நூறு வருசத்துக்கு முன் போட்ட மருந்தும் இன்னும் உயிரோடு இருக்கலாம். கரிமருந்து காய்ந்திருக்கும்வரை சாவதில்லை. மெல்லிய மரத்தடி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, தடங்கும் இடத்தில் குழல் வாயளவில் தடியில் கோடு போடுங்கள். பிறகு அதே தடியைக் குழலுக்கு வெளியே பிடித்துக் கோட்டை வாயோடு பொருத்துங்கள். தடியின் நுனி நெருப்புத் துளை வரைக்கும் எட்ட வேண்டும். ஒரு அங்குலமோ மேலோ குறைந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் கிண்டவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். குழல் வாயை ஆளில்லாப் பக்கம் பார்க்க வைத்து, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரைக் கூப்பிடுங்கள்.

வெறுமை என்று உறுதியான பிறகு துவக்கின் தூசைப் பழைய சவரத் தூரிகையால் தட்டிவிடுங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கை வைட் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். இங்கேதான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். கடையில் "தின்னர்" என்று கேட்டால் என்.சி. தின்னரைத் தருவார்கள். அது மரப்பிடியின் பழைய மெருகை வாழைத்தோல் மாதிரி உரித்துவிடும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டும் அரக்கு மெருகைக் கரைக்கும். போத்தலின் பெயரை வாசித்து வாங்குங்கள்.

செங்கறள் ஓடும் திட்டுகளுக்குச் செப்பு விளிம்பு வேண்டும். செம்பு இரும்பை விட மெதுமையானது, ஆகவே கறளைச் சீவும், அடியில் இருக்கும் தோலைக் கீறாது. பழைய இலங்கைச் செப்புச் சதம் ஒன்று கிடைத்தால் அதுவே போதும். இன்றைய குற்றிகளைப் பாவிக்கவேண்டாம், பல உருக்கில் செய்து மேலே பூசியவை. சந்தேகமென்றால் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது வேண்டாம். திட்டில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, நாணயத்தைச் சரித்துப் பிடித்துத் தள்ளினால் கறள் கட்டியாகக் கழரும். அதற்கும் அசையாததற்கு நாலு சுழிய (0000, ஆக மெல்லிய) உருக்குப் பஞ்சை எண்ணெயோடு, இரண்டு விரலால் மட்டும், திட்டுக்குள் மட்டும் பாவிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு அதற்கு ஈடாகாது, கீறிவிடும்.

எண்ணெய் பாவித்த இடத்தைத் திரும்ப வைட் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். பிசுக்குக்கு மேல் மெழுகு பிடிக்காது. பிறகு குழலைக் காலை வெயிலில் பதினைந்து நிமிசம் வைத்து எடுங்கள். தொட்டால் இளஞ்சூடு தெரிந்தால் காணும். மதிய வெயில் வேண்டாம், மரப்பிடி வெடிக்கும். சூட்டில் மெழுகு இளகிக் குழிகளுக்குள் இறங்கும். இதற்குமேல் வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் வியர்வையின் உப்பு மெழுகுக்கு அடியில் சிறைப்பட்டால் அடுத்த மாரியில் கைரேகை கறளாகவே எழும்பும். பருத்தி அல்லது நைற்றைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

39 அங்குலக் குழலுக்குக் கச்சான் பருப்பு ஒன்றின் அளவு மெழுகு. துணியில் எடுத்து, ஒரு சாண் நீளமாகப் பூசி, இறுகுமுன் வேறு துணியால் தேய்த்து, பிறகு அடுத்த சாண். குழல் முழுக்கப் பூசிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் பகுதி இறுகி, தேய்க்கத் தேய்க்கக் கை நோகும். அடுத்த நாள் இரண்டாம் பூச்சு. மூன்றாவது தேவையில்லை. முத்திரைகளின் குழியில் வெள்ளையாக மெழுகு தங்கினால் அது அளவு கூடியதற்கு அடையாளம். மெதுமையான பல்தூரிகையில் வைட் ஸ்பிரிட் தொட்டு எடுத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசலாம். இந்த மெழுகின் பெரிய நன்மையே அதுதான், பிழை விட்டாலும் முழுக்கத் துடைத்தெடுத்து முதலிலிருந்து தொடங்கலாம்.

குழலின் உள்பக்கத்துக்கு மெழுகு வேண்டாம், எண்ணெய்த் துணி போதும். அண்மையில் கரிமருந்து சுட்ட குழல் என்றால் முதலில் தண்ணீர். கரிமருந்தின் எச்சம் உப்பு, அது தண்ணீரில்தான் கரையும், ஈரத்தை இழுத்துப் பிடிப்பதும் அதுவே. கிணற்றுத் தண்ணீர் வன்னியின் பல இடங்களில் சுண்ணாம்பும் உவருமாக இருக்கும், கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும். பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரோ நல்லது. கழுவியதும் எண்ணெய்க்கு முன் நன்றாகக் காய வேண்டும்.

எங்கே கைவிடுகிறது

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்காற்றில் கிடந்த இரும்பில் இந்த மெழுகு தோற்கும். குற்றம் மெழுகில் இல்லை. உப்பின் குளோரைட் குழிகளுக்குள் இறங்கிவிட்டால், மேலே எதைப் பூசினாலும் மாரியில் அந்தக் குழிகள் தேநீர் நிறத்தில் சின்னச் சின்ன முத்துகளாக வியர்க்கும். அப்படி வியர்க்கும் சாமானை மெழுகால் மூடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது மாதிரி. உப்பை மாதக்கணக்கில் கரைசலில் ஊறவைத்து இறக்க வேண்டும், அது ஆய்வுகூட வேலை.

அடிக்கடி கையில் எடுக்கும் துவக்கிலும் மெழுகு சீக்கிரம் தேயும். பயிர்க்காவலுக்கு இரவில் கொண்டு போகிற இரட்டைக்குழலுக்கு எண்ணெய்தான் சரி. மெழுகு, சுவரிலும் பெட்டியிலும் இருக்கும் சாமானுக்கு. வருசத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னம் புரட்டாதியில் பூசினால் மாரி முழுக்கத் தாங்கும்.

குத்துவிளக்கையும் செம்பையும் ஏன் இந்தப் பக்கம் சேர்க்கவில்லை என்றால், அவை இன்னும் வேலையில் இருக்கும் சாமான்கள். வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும் போட்டு விளக்குவதுதான் அவற்றின் வழக்கம், அந்தத் தேய்மானமும் அவற்றின் வயசில் ஒரு பகுதி. கீழே பேர் வெட்டிய சீதனச் செம்பு என்றால் மட்டும் எழுத்துப் பக்கத்தைப் புளியிலிருந்து காப்பாற்றுங்கள்.

ரின் எடுப்பிக்க முடியாதவருக்கு

காட்டுத் தேன் எடுக்கும் ஊரில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை. 50 கிராம் தேன்மெழுகைச் சீவி, 150 மில்லிலீற்றர் டேர்பன்டைனோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீருக்குள் வைத்துக் கலக்கினால் பசையாக வரும். அடுப்பு எரியும் இடத்தில் செய்யக்கூடாது, ஆவி பற்றும். மரப்பிடிக்கு இது நுண்படிக மெழுகுக்குக் குறைந்ததில்லை. கபிலக் குழலுக்கும் ஒரு மாரிக்குப் போதும், ஆனால் வெக்கையில் கொஞ்சம் ஒட்டும், புழுதி பிடிக்கும், வருசத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். பித்தளையில் மட்டும் பூச வேண்டாம், பச்சை எழும்பும். எரிக்கும் மெழுகுதிரியை உருக்கிப் பூசுவது வீண் வேலை, காய்ந்ததும் செதிலாக உதிரும்.

மரப்பிடி வரண்டிருந்தால் லின்சீட் எண்ணெயை விரல்நுனியால், சொட்டுக் கணக்கில். அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்து, வெளியே காயப் போடுங்கள்.

பூசி முடித்ததைச் சாரத்திலோ சாக்கிலோ தோலுறையிலோ சுற்றி வைத்தால் இவ்வளவு வேலையும் பாழ். அவை எல்லாம் மாரி ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்ட வைப்பவை. காற்றோட்டமான பூட்டிய பெட்டிக்குள், சீமெந்துச் சுவரில் முட்டாமல், குழல் வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள். அப்போதுதான் உள் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. கறையான் வரும் வீடென்றால் பெட்டிக்குக் கால் வையுங்கள்.

ரின் மூடியை இறுக்க மறந்தால் வன்னி வெக்கையில் வைட் ஸ்பிரிட் பறந்து, உள்ளே சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்று மிஞ்சும். அப்படி இறுகினாலும் எறியவேண்டாம். சில சொட்டு வைட் ஸ்பிரிட் விட்டு, மூடி, சுடுதண்ணீரில் ரின்னை வைத்தெடுத்துக் கலக்கினால் திரும்ப இளகும்.